புள்ளி வைத்த வாக்குறுதிகள்

1976-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் 'மேக்' என்ற சின்னக் கருவியை எழுதினார். ஒரு பெரிய நிரலில் எந்தெந்தக் கோப்புகள் மாறியிருக்கின்றன என்று பார்த்து, அவற்றை மட்டும் மறுபடி தொகுப்பது அதன் வேலை. கட்டளை வரி ஒவ்வொன்றும் 'டாப்' விசையில்தான் தொடங்க வேண்டும், வெறும் இடைவெளி விட்டால் செல்லாது என்று அதில் ஒரு விதி. திரையில் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. விதி சரியில்லை என்று சில வாரங்களிலேயே ஃபெல்ட்மேனுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் மேக்கைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள், பெரும்பாலும் நண்பர்கள். அவர்கள் எழுதி வைத்திருந்ததைக் கெடுக்க மனம் வரவில்லை என்று பின்னாளில் அவரே சொன்னார். அந்தப் பத்துப் பன்னிரண்டு பேருக்காக விட்டுவைத்த டாப், அரை நூற்றாண்டாகியும் புதிதாக மேக் கற்பவர்களை ஒரு முறையாவது தலையில் அடித்துக்கொள்ள வைக்கிறது.

இந்தக் கதையில் பதிப்பு எண் எங்கும் வரவில்லை. 'நேற்று ஓடிய நிரல் இன்றும் ஓடும்' என்ற உறுதியைக் கொடுக்க எண் தேவைப்படவில்லை. பயனாளர்கள் யார் யார் என்று எழுதியவருக்குத் தெரிந்திருந்தால் போதும். எழுதுபவரும் பயன்படுத்துபவரும் ஒருவரையொருவர் அறியாத காலம் வந்தபோதுதான் 2.4.1 போன்ற எண்களின் தலையில் அந்தப் பொறுப்பு ஏறியது. அவை எவ்வளவு தூரம் அதைச் சுமந்தன என்பதுதான் திறமூல மென்பொருளின் வரலாற்றில் சுவையான பகுதி.

அதே ஆய்வகத்தில் பிறந்த யூனிக்ஸ் இயங்குதளத்தில், எண் இருந்தது கையேட்டுக்கு. 1971 நவம்பர் 3 என்று தேதியிட்ட நிரலர் கையேடு முதல் பதிப்பு. 1979-இல் வெளியானது ஏழாம் பதிப்பு. காந்த நாடாவில் இருந்த நிரல் ஓயாமல் மாறிக்கொண்டிருந்ததால், எந்தக் கையேட்டோடு ஒத்துப்போகிறதோ அந்தப் பதிப்பின் பெயரையே யூனிக்ஸுக்கும் வைத்து அழைத்தார்கள். யூனிக்ஸை மறுபடி எழுதினால் எதை மாற்றுவீர்கள் என்று அதை எழுதியவர்களில் ஒருவரான கென் தாம்சனிடம் கேட்டபோது, கோப்பை உருவாக்கும் 'கிரியேட்' அழைப்பின் எழுத்துக்கூட்டலில் விட்டுப்போன கடைசி 'ஈ'யைச் சேர்ப்பேன் என்றாராம். தாம்சனே நினைத்தாலும் சேர்க்க முடியாது. லினக்ஸிலும் அந்த எழுத்து இல்லாமல்தான் இருக்கிறது.

எண்ணை யாரும் கண்டிப்போடு நடத்தாத காலத்தில் அதை வைத்து விளையாடவும் இடம் இருந்தது. குனு ஈமேக்ஸ் என்ற உரைத்திருத்தி 1.12 வரை வந்தது. முதலில் இருக்கும் 1 எப்போதுமே மாறப்போவதில்லை என்று தோன்றியதால் அதை வெட்டிவிட்டு, 1985-இல் நேராக 13 என்று வெளியிட்டார்கள். டொனால்ட் நூத் இன்னும் ஒரு படி மேலே போனார். தன் 'டெக்' அச்சுக்கோப்பு மென்பொருளில் இனிப் புதிய வசதி எதுவும் சேர்ப்பதில்லை, பிழைகளை மட்டும் திருத்துவது என்று 1990-இல் முடிவெடுத்தார். அதிலிருந்து ஒவ்வொரு திருத்தத்துக்கும் பதிப்பு எண்ணில் பையின் அடுத்த இலக்கம் ஒன்று சேரும்: 3.1, 3.14, 3.141 என்று நீண்டு, 2021-இல் 3.141592653-ஐ எட்டியது. தான் இறந்தபின் எண் π என்றே ஆகிவிட வேண்டும், அதன்பின் மிச்சமிருக்கும் பிழைகளெல்லாம் 'வசதிகள்' என்று கொள்ளப்பட வேண்டும் என்பது அவர் விருப்பம். நிலைத்தன்மையை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன பதிப்பு எண் வேறு கிடையாது. ஆனால் எல்லாரும் நூத் ஆக முடியாது. அவர் தன் வேலை முடிந்துவிட்டது என்று அறிவித்தவர். மற்றவர்களுக்கு வேலை முடிவதே இல்லை.

நிலைமை மாறியது பகிர்வு லைப்ரரிகள் வந்தபின். லைப்ரரி என்பது பல நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல்துண்டுகளின் தொகுப்பு. அதுவரை நிரலைத் தொகுக்கும்போது, அதற்குத் தேவையான லைப்ரரியின் துண்டும் உள்ளே சேர்ந்துவிடும். லைப்ரரி பிறகு எப்படி மாறினாலும் பழைய நிரலுக்குக் கவலையில்லை. வட்டிலும் நினைவகத்திலும் இடம் மிச்சம் பிடிக்க, ஒரே லைப்ரரியை எல்லா நிரல்களும் ஓடும் நேரத்தில் பகிர்ந்துகொள்ளலாம் என்ற ஏற்பாட்டை சன் நிறுவனம் 1988-இல் சன்ஓஎஸ் 4-இல் கொண்டுவந்தது. அங்கே லைப்ரரிக் கோப்பின் பெயரிலேயே இரண்டு எண்கள் இருந்தன. பழைய நிரல்கள் உடையும்படி மாற்றினால் முதல் எண் ஏறும். பழையதைக் கெடுக்காமல் புதிதாகச் சேர்த்தால் இரண்டாவது ஏறும். நிரலைத் தொடங்கும் கணினியே அந்த எண்களைப் படித்து, பொருந்துமா என்று முடிவு செய்தது. மனிதர்களின் வசதிக்காக எழுதிய எண்ணை இயந்திரம் படிக்கத் தொடங்கியது.

லினக்ஸ் உலகில் இதன் வலி 1997 வாக்கில் எல்லார் மேலும் விழுந்தது. ஏறக்குறைய எல்லா நிரல்களும் சாய்ந்து நிற்கும் அடிப்படையான சி லைப்ரரி, 5-ஆம் எண்ணிலிருந்து 6-க்கு மாறியது. ரெட் ஹேட் 5.0, டெபியன் 2.0 போன்ற விநியோகங்கள் ஏறக்குறைய எல்லாவற்றையும் மறுபடி தொகுக்க வேண்டியிருந்தது. அந்தச் சிரமத்தை மறுபடி யாரும் அனுபவிக்கக் கூடாது என்று லைப்ரரியை எழுதியவர்கள் வேறு வழி பிடித்தார்கள். லைப்ரரி முழுவதற்கும் ஓர் எண் என்பதை விட்டு, உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் தனிப் பதிப்பு முத்திரை குத்தினார்கள். ஒரு ஃபங்ஷனின் நடத்தையை மாற்ற வேண்டுமானால் பழைய முத்திரையோடு பழையதும் இருக்கும், புதிய முத்திரையோடு புதியதும் இருக்கும். சென்னைத் தெருக்களில் ஒரே வாசலில் 'பழைய எண் 7, புதிய எண் 12' என்று இரண்டையும் எழுதி வைத்திருப்பதைப் போல. பழைய முகவரியோடு வந்தவரும் வீட்டைக் கண்டுபிடிப்பார். அந்த லைப்ரரியின் கோப்புப் பெயரில் உள்ள 6, கால் நூற்றாண்டைக் கடந்தும் 6 ஆகவே இருக்கிறது.

ஆனால் முத்திரை இருந்தும் தடுக்க முடியாத வழக்கு ஒன்று 2010-இல் வந்தது. 'மெம்காப்பி' என்பது நினைவகத்தில் ஓரிடத்தில் உள்ளதை இன்னோரிடத்துக்கு நகலெடுக்கும் ஃபங்ஷன். மூலமும் இலக்கும் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருந்தால் இதைப் பயன்படுத்தாதே, அதற்கு வேறு ஃபங்ஷன் இருக்கிறது என்று தர நிர்ணய ஆவணம் தெளிவாகச் சொல்கிறது. படிந்திருந்தாலும், முன்னிருந்து பின்னாக நகலெடுக்கும் பழைய மெம்காப்பியில் பெரும்பாலும் வேலை நடந்துவிடும். புதிய செயலிகளில் வேகம் கூட்டுவதற்காக லைப்ரரிக்காரர்கள் சில இடங்களில் பின்னிருந்து முன்னாக நகலெடுக்கும்படி மாற்றினார்கள். விதிப்படி தவறே இல்லை. ஃபெடோரா என்ற லினக்ஸ் விநியோகத்தின் 14-ஆம் பதிப்புக்கு மாறியவர்களுக்கு இணையத்தில் பாட்டுக் கேட்டால் கரகரவென்று வந்தது. அடோபியின் ஃப்ளாஷ் மென்பொருள், விதியை மீறி மெம்காப்பியைப் பயன்படுத்தியிருந்தது.

குற்றம் யாருடையது என்று ஃபெடோராவின் பிழைப் பதிவேட்டில் பெரிய வாக்குவாதம். ஃப்ளாஷைத் திருத்த வேண்டியது அடோபி என்று ஒரு தரப்பு. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அங்கே வந்து, பாட்டுக் கேட்பவருக்கு ஆவணத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது முக்கியமில்லை, நேற்று ஓடியது இன்று ஓடவில்லை என்பதுதான் முக்கியம் என்று வாதாடினார். கடைசியில் லைப்ரரியின் 2.14 பதிப்பில் மெம்காப்பிக்குப் புது முத்திரை கொடுத்தார்கள். பழைய முத்திரையைத் தேடி வரும் நிரல்களுக்கு, படிந்திருந்தாலும் ஒழுங்காக நகலெடுக்கும் வடிவமே கிடைக்கும்; புதிதாகத் தொகுப்பவர்களுக்கு வேகமானது. இதற்கும் ஒரு பக்கவிளைவு உண்டு. புதிய கணினியில் தொகுத்த நிரலைப் பழைய கணினிக்குக் கொண்டுபோனால், '2.14 இல்லை' என்று அது ஓட மறுக்கும். மெம்காப்பி என்ற ஒரே ஒரு ஃபங்ஷனுக்காக அந்தச் செய்தியைப் பார்த்து விழித்த நிரலர்கள் ஏராளம்.

டோர்வால்ட்ஸ் இந்த விஷயத்தில் பிடிவாதக்காரர். 2012 டிசம்பரில், லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் செய்த மாற்றத்தால் ஒலி நிரல்கள் உடைந்தபோது, தவறு அந்த நிரல்களில்தான் என்று சொன்ன ஒரு பராமரிப்பாளரை அவர் பெரிய எழுத்துகளில் வாங்கு வாங்கென்று வாங்கிய மின்னஞ்சல் இன்றும் பேசப்படுகிறது. பயனாளர் நிரல்களை கர்னல் உடைக்கக் கூடாது என்பதே சாரம். மொழி மோசம், கொள்கை சரி. அதேசமயம் கர்னலின் உட்பகுதிகளுக்கு இடையிலான இடைமுகங்களுக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. அவை எப்போது வேண்டுமானாலும் மாறும் என்று கர்னல் பராமரிப்பாளர்களில் ஒருவரான கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் எழுதிய ஆவணம் கர்னலோடு சேர்ந்தே வருகிறது.

இவ்வளவு கண்டிப்பானவர் பதிப்பு எண்ணை மட்டும் துச்சமாக நடத்தினார் என்பதுதான் வேடிக்கை. 1992-இல் 0.12-இலிருந்து ஒரே தாவலில் 0.95-க்குப் போனார், 1.0 நெருங்கிவிட்டது என்ற நம்பிக்கையில். பிறகு 0.99-லேயே ஒட்டுமேல் ஒட்டுப் போட்டு இழுத்து, 1994 மார்ச்சில்தான் 1.0 வந்தது. இரண்டாவது எண் ஒற்றைப்படை என்றால் சோதனை, இரட்டைப்படை என்றால் நிலையானது என்ற வழக்கம் கொஞ்ச காலம் இருந்தது. 2003 டிசம்பரில் 2.6 வந்தபின் அதுவும் போயிற்று. ஏழரை வருடங்களுக்கு 2.6-இன் பின்னால் மூன்றாவது எண் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. 2011-இல் லினக்ஸின் இருபதாம் ஆண்டையொட்டி, எண்கள் பெரிதாகிவிட்டன என்பதைத் தவிர வேறு காரணமில்லாமல் 3.0 என்று அறிவித்தார்.

எதுவும் மாறவில்லை; ஆனாலும் சில நிரல்கள் உடைந்தன. கர்னலின் எண் '2.6.' என்றுதான் தொடங்கும் என்று அவை நம்பியிருந்தன. அவற்றுக்காக கர்னலில் ஒரு தனி ஏற்பாடு செய்ய வேண்டிவந்தது: பழைய நிரலை அதற்கான தனிக் குறியோடு தொடங்கினால், எண்ணைக் கேட்கும்போது '2.6.40' என்பதுபோல் பொய் சொல்லும். ஃபெடோரா 15 இன்னும் எச்சரிக்கையாக, 3.0 கர்னலையே 2.6.40 என்று பெயர் மாற்றி விநியோகித்தது. ஆக, வெளி நிரல்கள் நம்பிக் கூப்பிடும் ஏபிஐ என்ற இடைமுகத்தில் எண்ணும் ஓர் உறுப்புதான். அதை மாற்றினாலும் ஏதோ ஒன்று உடையும். ஓப்பரா உலாவி 2009-இல் 10-ஆம் பதிப்பை எட்டியபோது, இணையதளங்கள் அதை 1 என்று படித்துவிடும் என்பதால் 9.80 என்றே தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டது.

2000-க்குப் பிறகு வேறொரு கூட்டம் சேர்ந்தது. ரூபி, பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் மொழிகளில் லைப்ரரிகளை ஒரே கட்டளையில் இறக்கிக்கொள்ளும் வசதி வந்தது. ஒரு லைப்ரரி இன்னொன்றைக் கூப்பிட, அது வேறு பத்தைக் கூப்பிட, சின்ன நிரலுக்கே நூற்றுக்கணக்கான லைப்ரரிகள் வந்து சேர்ந்தன. யாருடைய எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்க முடியாது. கிட்ஹப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான டாம் பிரெஸ்டன்-வெர்னர், 2010 வாக்கில் 'செமான்டிக் வெர்ஷனிங்' என்ற பெயரில் விதிகளை எழுதிவைத்தார். 2013-இல் அதன் 2.0.0 வந்தது. மூன்று எண்கள்: பழையதை உடைத்தால் முதலாவது, உடைக்காமல் சேர்த்தால் இரண்டாவது, பிழை திருத்தினால் மூன்றாவது. சன் நிறுவனம் கால் நூற்றாண்டுக்கு முன் கோப்புப் பெயரில் செய்ததற்கு இதில் பெரிய புதுமை இல்லை. ஆனால் எளிமையாக எழுதியிருந்தார். சரியான நேரத்தில் எழுதியிருந்தார்.

அதில் ஒரு சந்தும் இருந்தது. முதல் எண் 0 ஆக இருக்கும்வரை எதை வேண்டுமானாலும் உடைக்கலாம். பலர் அங்கேயே குடியேறினார்கள். ஃபேஸ்புக்கின் ரியாக்ட் லைப்ரரியை உலகமே பயன்படுத்திக்கொண்டிருந்தபோதும் அது 0.14 தான். 2016-இல் புள்ளியை நகர்த்தி 15 என்று மாற்றிக்கொண்டது. ஜாவாஸ்கிரிப்டை உலாவிக்கு வெளியே ஓட்டும் நோட் 0.12-லேயே தேங்கி நின்று, அதிருப்தியாளர்கள் பிரிந்துபோய் ஐஓ.ஜேஎஸ் தொடங்கி, 1, 2, 3 என்று எண்களை வேகமாகச் செலவழித்து, மறுபடி இரண்டும் சேர்ந்தபோது 2015 செப்டம்பரில் நேராக 4 என்று வந்தது.

ஜாவாஸ்கிரிப்டின் என்பிஎம் கருவியில், ஒரு லைப்ரரியைச் சேர்க்கும்போது எண்ணின் முன்னால் '^' குறி தானாக வந்து உட்காரும். முதல் எண் மாறாதவரை எந்தப் புதிய பதிப்பையும் எடுத்துக்கொள் என்று அதற்குப் பொருள். முன்பின் தெரியாத ஒருவரின் வாக்கை அப்படியே நம்புவது. 2022 ஜனவரியில் அந்த நம்பிக்கைக்கு அடி விழுந்தது. திரையில் வண்ண எழுத்துக் காட்ட உதவும் 'கலர்ஸ்' லைப்ரரியை வாரத்துக்கு 2 கோடிக்கு மேற்பட்ட முறை இறக்கிக்கொண்டிருந்தார்கள். தன் உழைப்பைப் பெரிய நிறுவனங்கள் இலவசமாகத் தின்கின்றன என்ற கோபத்தில் இருந்த அதன் ஆசிரியர், முடிவில்லாமல் சுற்றிக் குப்பை எழுத்துகளைக் கொட்டும் வரிகளை வேண்டுமென்றே அதில் சேர்த்தார். பதிப்பு எண்ணை 1.4 வரிசையிலேயே வைத்துக்கொண்டார். '^' குறியை நம்பியிருந்த திட்டங்களெல்லாம் கேள்வி கேட்காமல் அதை இறக்கின. அமேசானின் மேகக் கணிமைக் கருவி ஒன்றும் அதில் மாட்டியது. எந்தப் பதிப்பு சரியாக ஓடியதோ அதையே பூட்டி வைக்கும் 'லாக்' கோப்புகள் 2016, 2017-லேயே வந்துவிட்டன. அவற்றை ஒழுங்காகப் பின்பற்றியவர்கள் தப்பித்தார்கள்.

வாக்கை மீறப்போகிறோம் என்று முன்கூட்டியே முரசறைந்து மீறியவர்களும் உண்டு. பைத்தான் 3.0 வெளியானது 2008 டிசம்பர் 3. பைத்தான் 2-இல் எழுதியவை இதில் அப்படியே ஓடாது என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். முக்கியக் காரணம் எழுத்துச் சரங்கள். தமிழில் எழுதுபவருக்கு இதன் நியாயம் உடனே விளங்கும். பைத்தான் 2-இல் 'அம்மா' என்ற சாதாரணச் சரத்தின் நீளத்தைக் கேட்டால், யூடிஎஃப்-8 கோப்பில் 15 என்று வரும், பைட்டுகளை எண்ணுவதால். பைத்தான் 3-இல் 5 வரும். புள்ளியையும் காலையும் தனித்தனியாக எண்ணுகிறது. மூன்றெழுத்து என்று சொல்ல அதற்கும் தெரியாது. ஆனாலும் குப்பை எண்ணிலிருந்து அர்த்தமுள்ள எண்ணுக்கு வந்ததே முன்னேற்றம்தான்.

ஆங்கிலம் மட்டுமே கையாண்டவர்களுக்கோ பழையது நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் நகரவில்லை. இரண்டிலும் ஓடும்படி எழுத உதவிய 'சிக்ஸ்' என்ற லைப்ரரி பிரபலமானது; இரண்டையும் மூன்றையும் பெருக்கினால் ஆறு என்பதால் அந்தப் பெயர். யூனிகோட் சரத்தைக் குறிக்க இருந்து, 3.0-இல் தூக்கிய பழைய 'யு' முன்னொட்டை, பைத்தான் 3.3-இல் இறங்கிவந்து மறுபடி சேர்த்தார்கள். பைத்தான் 2-க்கு 2015-இல் விடைகொடுப்பதாக இருந்ததை 2020-க்குத் தள்ளினார்கள். கடைசியாக 2.7.18 வெளியானது 2020 ஏப்ரலில். முதல் எண்ணில் 2, 3 ஆவதற்குப் பதினோரு வருடத்துக்கு மேல். பிஎச்பிக்காரர்களுக்கு இதுகூட வாய்க்கவில்லை. யூனிகோடை உள்ளே கொண்டுவரும் பிஎச்பி 6 பாதியிலேயே நின்றுபோக, 2015-இல் 5-க்கு அடுத்து 7 வந்தது. அதற்குள் பிஎச்பி 6 பற்றிய புத்தகங்கள் கடைக்கு வந்திருந்தன.

யூனிகோடும் இதே பாடத்தைத் தன் செலவில் படித்தது. 1996-இல் 2.0 பதிப்பில் கொரிய எழுத்துகளை மொத்தமாக வேறிடத்துக்கு மாற்றினார்கள். அதுவரை சேமித்த கொரியக் கோப்புகள் கெட்டன. இனி எந்த எழுத்தையும் இடம் மாற்றுவதில்லை, பெயரையும் மாற்றுவதில்லை என்று உறுதி எடுத்தார்கள். பெயர் தவறாக இருந்தாலும் சரி. அதனால்தான் இன்றும் பைத்தானிடம் ஃ என்ற எழுத்தின் யூனிகோட் பெயரைக் கேட்டால், ஆய்தம் என்று சொல்லாமல் 'தமிழ் சைன் விசர்கா' என்று வடமொழிக் கணக்கில் சொல்கிறது. ஆய்தம் விசர்க்கம் இல்லை என்று தெரிந்தும் அட்டவணையில் பக்கக் குறிப்பாகத்தான் அதைச் சேர்க்க முடிந்தது. தமிழருக்கு எரிச்சலான விஷயம்; ஆனால் நம் கோப்புகள் எல்லாம் அழியாமல் திறப்பதற்கும் அதே பிடிவாதம்தான் காரணம்.

கூகுளில் பணியாற்றிய ஹைரம் ரைட்டின் பெயரால் ஒரு விதி வழங்குகிறது: பயனாளர்கள் போதிய அளவு பெருகிவிட்டால், நீங்கள் ஆவணத்தில் எதை எழுதினாலும், உங்கள் நிரலில் கண்ணில் படும் எல்லா நடத்தையையும் யாராவது ஒருவர் நம்பிக்கொண்டிருப்பார். இதை எதிர்கொள்ள 2012-இல் வந்த கோ 1 மொழி முரட்டு வைத்தியம் செய்தது. 'மேப்' அட்டவணையில் உள்ளவை எந்த வரிசையில் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று எழுதியதோடு நிற்காமல், ஒவ்வொரு முறையும் வேண்டுமென்றே வரிசையைக் கலைத்துக் கொடுத்தது. நம்பவே விடாதது. பைத்தான் எதிர்த்திசையில் போனது. 3.6-இல் உள்ளமைப்பை மாற்றியதில் 'டிக்ட்' அட்டவணை, போட்ட வரிசையைத் தற்செயலாகக் காப்பாற்றியது. ஜனங்கள் அதை நம்பத் தொடங்கிவிட்டார்கள், 3.7-இல் அதையே விதியாக்கிவிட்டார்கள். ஆண்ட்ராய்டு போன்களிலெல்லாம் இருக்கும் எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில், முதன்மைச் சாவியில் வெற்று மதிப்பு இருக்கலாம் என்பது ஆரம்ப நாளின் பிழை. திருத்தினால் பழைய நிரல்கள் உடையும் என்பதால், பிழை என்று ஆவணத்திலேயே ஒத்துக்கொண்டு அப்படியே வைத்திருக்கிறார்கள். அதன் முதல் எண் 2004-இலிருந்து 3 தான். 2050 வரை ஆதரவு தருவதாக வேறு சொல்லியிருக்கிறார்கள்.

கர்ல் லைப்ரரியின் கதை இவற்றோடு சேரும். ஸ்வீடனில் டேனியல் ஸ்டென்பெர்க் எழுதிப் பராமரிக்கும் அது, இணையத்தில் தரவை அனுப்பவும் வாங்கவும் கார்கள், தொலைக்காட்சிகள், போன்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. பழைய நிரல்கள் உடையும்படியான மாற்றத்தை அது கடைசியாகச் செய்தது 2006 அக்டோபரில், 7.16.0 பதிப்பில். அப்போது பட்ட பாட்டுக்குப்பின் ஸ்டென்பெர்க் அந்தப் பக்கமே போகவில்லை. இரண்டாவது எண் மட்டும் ஏறி ஏறி 88-ஐத் தொட்டது. கர்ல் பிறந்து 25 வருடம் நிறைந்த 2023 மார்ச் 20 அன்று முதல் எண்ணை ஏற்றி 8.0.0 வெளியிட்டார். செமான்டிக் வெர்ஷனிங் படித்தவர்கள் எதெல்லாம் உடைந்தது என்று தேடினார்கள். ஏபிஐயில் எதுவும் உடையவில்லை; பிறந்தநாள், அவ்வளவுதான். ஆனால் 8.0.0-இல் நிரலையே நிலைகுலைய வைக்கும் ஒரு பிழை புகுந்துவிட்டிருந்தது. அதே நாளிலேயே 8.0.1-ஐயும் வெளியிட வேண்டியதாயிற்று.